நெட் மீட்டரில் ஏற்றுமதி யூனிட் ஏறவே இல்லை

மின்வாரியத்தின் கூரைச் சூரிய மின்திட்டத்தில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. 3 கிலோவாட், ஒருமுனை இணைப்பு, நிழல் விழாத மொட்டைமாடி. நெட் மீட்டர் என்பது நான் வாரியத்துக்குக் கொடுக்கும் மின்சாரத்தையும் (ஏற்றுமதி) வாங்குவதையும் (இறக்குமதி) தனித்தனியே எண்ணும் மீட்டர். அதில் ஏற்றுமதி இன்றுவரை சுழிதான்.

நேற்று நண்பகலில் ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டர் முன் அரை மணி நேரம் நின்றேன். சூரியத் தகடுகளின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் 2.4 கிலோவாட் காட்டியது. மீட்டரிலோ இறக்குமதி ஒரு யூனிட்டுக்கு மேல் ஏறியது! இன்வெர்ட்டரை நிறுத்தியதும் ஏற்றம் அடங்கிவிட்டது. மீட்டரின் வயர்கள் இடம் மாறியிருந்தால் இரவில் வாங்குவது ஏற்றுமதியாகப் பதிவாகும்; இரவிலும் இறக்குமதி மட்டுமே ஏறுவதால், அதற்கு வாய்ப்பில்லை. நான் கொடுக்கும் மின்சாரத்தையும் வாங்கியதாகவே மீட்டர் எண்ணுகிறது என்பது என் சந்தேகம்.

பொருத்தியவர் இணைப்புகளைச் சோதித்து, சரி என்றார். அலுவலகத்தில் இருமுறை எழுதிக் கொடுத்தும் "அடுத்த பில்லில் சரியாகிவிடும்" என்ற பதில்தான்.

மீட்டரின் இருதிசைப் பதிவை உறுதிசெய்ய, எந்தச் சோதனையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்க வேண்டும்?