‘பழகிய புழங்காமை’: ஒரு சொல்லுக்கான முன்மொழிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூளைக் காயத்துக்குப் பின் கைகால் இயக்கம் ஓரளவு திரும்பியிருந்தும் நோயாளி அந்த உறுப்பைப் பயன்படுத்தாமலேயே இருந்துவிடும் நிலையை ஆங்கிலத்தில் ‘learned nonuse’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘கற்றறிந்த பயன்பாடின்மை’ எனத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ‘கற்றறிந்த’ என்றதும் நம் மனத்தில் சான்றோர் வந்து நிற்கின்றனர். கல்வி நம் மொழியில் விரும்பிப் பெறும் பேறு. இதுவோ நோயாளி அறியாமலே வந்து படிவது.

எப்படிப் படிகிறது என்பதை அமெரிக்க உளவியல் ஆய்வாளர் எட்வர்ட் டாப் குரங்குகளிடம் கண்டார். ஒரு முன்னங்காலின் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு வேர்களைத் துண்டித்தால், இயக்க நரம்புகள் குலையாமல் இருந்தும் விலங்கு அந்தக் காலை விட்டுவிடுகிறது. தொடக்கத்தில் உண்மையாகவே அசைக்க முடிவதில்லை. முயலும்போதெல்லாம் தடுமாறுகிறது, உணவு நழுவுகிறது. மற்றக் காலை நீட்டினால் உடனே கிடைக்கிறது. பின்னர்த் திறன் திரும்பும்போது முயலும் பழக்கமே மறைந்துபோயிருக்கும். நல்ல காலைக் கட்டிவைத்ததும் விடப்பட்ட கால் மீண்டும் வேலைக்கு வந்தது. இதிலிருந்து பிறந்த சிகிச்சையைப் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆன 222 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006இல் வெளியானது. விழித்திருக்கும் நேரத்தில் 90 விழுக்காடு நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரங்கள் தளர்ந்த கையையே பழக்குவது அதன் முறை. ஓராண்டு கழித்தும் இந்தச் சிகிச்சை பெற்றவர்களின் முன்னேற்றம் வழக்கமான பராமரிப்புப் பெற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதேனும் நிமிர்த்த முடிந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அம்மாவிடம் இதையே பார்க்கிறேன். மின்தூக்கியின் பொத்தான் அவருக்கு வலப்புறம் இருக்கிறது. இடக்கையை மார்பின் குறுக்கே கொண்டுபோய் அழுத்துவார். இயன்முறை மருத்துவர் கேட்டால் தேநீர்க் குவளையைத் தூக்கிக் காட்டும் அதே வலக்கை, அவர் போனதும் மடிக்குத் திரும்பிவிடும். உறவினர்கள் இதைச் சோம்பல் என்றார்கள், பிடிவாதம் என்றார்கள். அம்மா அழுதார். அந்தப் பழியை நீக்கும் சொல் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் ‘கைவிடல்’ என்று நினைத்தேன். கேட்கவும் நன்றாக இருந்தது. ஆனால் இந்தக் கருத்து கையோடு நிற்பதில்லை. டாப்பும் பங்கேற்ற 2001ஆம் ஆண்டு ஆய்வு இதே முறையைப் பேச்சிழப்புக்குக் கொண்டுசென்று, சைகையை நாடாமல் சொற்களாலேயே பேசவைத்தது. கை, கால், சொல் மூன்றுக்கும் பொருந்துவது ‘புழங்கு’ என்னும் வினை: பாத்திரம் புழங்குகிறது, சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே ‘பழகிய புழங்காமை’ என முன்மொழிகிறேன்.

*

அன்புள்ள தம்பி,

‘கற்றறிந்த’ என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘புழங்காமை’ சமையலறைச் சொல்லாகத் தோன்றுகிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அச்சிடும் துண்டேட்டில் அது நிற்குமா? ‘பழகிய பயன்படுத்தாமை’ எழுத்து நடைக்கு இசைவாக இருக்குமே. ‘வழக்கொழிவு’ என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

*

ஐயா,

‘பயன்படுத்தாமை’ என்றால் பயன்படுத்தாதவர் ஒருவர் உடனே தோன்றிவிடுகிறார். பழி மீண்டும் அம்மாவின் மேல் விழும். ‘புழங்காமை’யில் எழுவாய் கைதான். ‘வழக்கொழிவு’ அழகிய சொல். எனினும் வழக்கொழிந்த சொல் திரும்புவது அரிது, இந்தக் கையோ திரும்பக்கூடியது. சமையலறைச் சொல் என்பதை நான் குறையாகக் கொள்ளவில்லை. நேற்று அம்மாவிடம் “கை புழங்காமல் பழகிவிட்டது, அவ்வளவுதான்” என்றேன். “அப்படியென்றால் புழங்கப் பழகலாமா?” என்று கேட்டார்.