வன்னியிலிருந்து ஒன்ராறியோவுக்கு வந்து முதன்முதலாகப் பழைய கார் வாங்கியவர்களுக்கு

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கங்களிலிருந்து இங்கு வந்து, வேலைக்குப் போய்வருவதற்கென்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய கார் ஒன்றை வாங்கியிருக்கும் உறவுகளுக்காக இதை எழுதுகிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய மண்ணிலிருந்து வந்த நமக்கு, பழுதான வாகனத்தை எப்படியாவது ஓடவைக்கும் திறமை குறைவில்லை. அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் செம்புழுதிக்கும் வெயிலுக்கும் பழகிய சில வழக்கங்கள் இங்குள்ள குளிரில் எஞ்சினையே அழித்துவிடக்கூடியவை.

அவற்றில் முதன்மையானது றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகிறது; அந்த விரிவுக்கு இடமில்லாத எஞ்சினின் வார்ப்பிரும்போ அலுமினியமோ வெடித்துவிடும், அதன் பிறகு திருத்துவதற்கு ஆகும் செலவு காரின் விலையையே தாண்டலாம். உறைதடுப்புத் திரவமும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கலவை சுமார் −37 பாகை வரை உறையாமல் தாங்கும். முன்பு வைத்திருந்தவர் கோடையில் வெறுந்தண்ணீர் விட்டு நிரப்பியிருக்கக்கூடும் என்பதால், காரை வாங்கியவுடன் கலவையின் செறிவைச் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். எந்த வகைத் திரவம் என்பதை நிறத்தை வைத்து முடிவுசெய்யாமல், காரின் கைந்நூலைப் பார்த்து வாங்குங்கள். மட்டம் அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். காருக்குள் இனிப்பான வாடை வந்தாலோ, முன்னிருக்கையில் கால் வைக்கும் இடத்து விரிப்பு ஈரமாக இருந்தாலோ, வெப்பமூட்டியின் பக்கம் கசிவு இருக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

எஞ்சின் ஒயிலிலும் இதே போன்ற ஒரு வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பழைய வாகனத்துக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்று ஊரில் கேட்டு வளர்ந்திருப்போம், வன்னி வெக்கைக்கு அது பொருந்தியும் இருக்கலாம். இங்கே மாசி மாதத்து விடியற்காலையில் அந்தத் தடித்த ஒயில் மேலே ஏறிச் சேர்வதற்குள் உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்கிறது. ஒயில் போத்தலில் 0டபிள்யூ-20 (0W-20), 5டபிள்யூ-30 (5W-30) என்றெல்லாம் எழுதியிருப்பதில் முதல் எண் குளிரில் ஒயில் ஓடும் தன்மையைக் குறிக்கும். கைந்நூல் சொல்லும் வகையையே வாங்குங்கள். பழைய எஞ்சின்கள் ஒயிலை எரித்துக் குடிக்கும் என்பதால், அடுத்த மாற்றுநாள் வரை காத்திராமல், வாரம் ஒருமுறை காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் அணைந்து சில நிமிடங்கள் கழித்து அளவுகோலை இழுத்துத் துடைத்துப் பாருங்கள். ஒயில் பால்கலந்த நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கலாம். அத்தகைய காரை மேலும் ஓட்டாதீர்கள்.

ரயரில் அடிக்க வேண்டிய காற்றின் அளவு ஓட்டுநர் கதவின் நிலையில் ஒட்டியிருக்கும்; ரயரின் பக்கச்சுவரில் இருப்பது அதன் உச்சவரம்பு மட்டுமே. வெப்பநிலை ஐந்தாறு பாகை குறையும் ஒவ்வொரு முறையும் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறைவதால், குளிர் தொடங்கியதும் மீண்டும் பாருங்கள். பழைய காருடன் வந்த ரயர் நல்ல பூவோடு தெரிந்தாலும் வயது முதிர்ந்ததாக இருக்கலாம். ரயரின் பக்கச்சுவரில் உள்ள டொட் (DOT) எழுத்துகளைத் தொடரும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ஒன்ராறியோவில் பனிக்கால ரயர் கட்டாயமில்லை என்றாலும், 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் இறப்பர் இறுகிப் பிடிமானம் குறைகிறது. பிள்ளைகளை ஏற்றி ஓடும் காருக்கு இதில் மிச்சம் பிடிப்பதை நான் ஏற்கமாட்டேன். பற்றறியும் கடுங்குளிரில் தன் வலுவில் பெரும்பகுதியை இழக்கிறது, ஆகவே ஐந்தாண்டைத் தொட்டதை ஐப்பசியிலேயே சோதிப்பியுங்கள்.

வீதியில் கொட்டும் உப்பு காரின் அடிப்பக்கத்தையும் பிரேக் குழாய்களையும் அரிக்கும். பனிக்காலத்திலும் அடிப்பக்கம் சேரக் கழுவுவதும், ஆண்டுக்கொருமுறை துருத்தடுப்பு எண்ணெய் தெளிப்பிப்பதும் பயனுள்ள செலவுகள். பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் அன்றே கராஜுக்குக் கொண்டுபோங்கள், ஆனால் ஓட்டிச் செல்லாமல் இழுவை வண்டியில்.

விற்பவர் தரும் பாதுகாப்புச் சான்றிதழ், சோதித்த நாளில் கார் குறைந்தபட்சத் தரத்தில் இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது, அது உத்தரவாதமன்று. எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைப்பது டைமிங் பெல்ற் எனப்படும் பட்டியா, சங்கிலியா என்று கேட்டறியுங்கள். பெல்ற் என்றால், மாற்றிய பற்றுச்சீட்டைக் காட்ட முடியாதவரை அது மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள், ஏனெனில் பல எஞ்சின்களில் அது அறுந்தால் வால்வுகளும் வளைந்துவிடும். உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து செய்த ஒவ்வொரு வேலையின் பற்றுச்சீட்டையும், கிலோமீற்றர் அளவைக் குறித்து, காரிலேயே ஒரு கோப்பில் வையுங்கள். அடுத்த கராஜ்காரர் எதையாவது மாற்றவேண்டும் என்று சொல்லும்போது அதைத் திறந்து காட்டிப் பேசலாம்.