மோஷன் லைப்ரரி: வேலை மிச்சமா, எல்லாரும் ஒரே மாதிரி நடக்கவா?

வரைபலகை:
எங்க அனிமேஷன் ஸ்டூடியோவுல புது உத்தரவு. நடை, ஓட்டம், உட்காருறது எல்லாத்தையும் புதுசா வரையாம, ஏற்கெனவே பதிஞ்சு வெச்ச அசைவுகளோட டேட்டாபேஸ்ல (மோஷன் லைப்ரரி) இருந்து எடுத்துத்தான் போடணுமாம். 1983-ல ஃபில்மேஷன் கம்பெனி எடுத்த ஹீ-மேன் கார்ட்டூன் தொடர் பார்த்திருக்கீங்களா? அதே ஓட்டம், அதே குத்து, பின்னணி மட்டும் மாறும். நாமும் அங்கதான் போறோம்.

எலும்பன்:
முதல் சீசனே 65 எபிசோடு சார். ஒவ்வொரு ஓட்டத்தையும் புதுசா வரைஞ்சிருந்தா தொடரே வந்திருக்காது. அவ்வளவு ஏன், டிஸ்னியே பண்ணலையா? 1967 ஜங்கிள் புக்ல பலூ ஆடின ஆட்டத்தைத்தான் 1973 ராபின் ஹூட்ல லிட்டில் ஜான் ஆடுறார்.

வரைபலகை:
ரெண்டு பேரும் கரடி. உடம்பு ஒண்ணு, பொருந்துச்சு. நம்ம ஆளுங்க தொப்பைக்காரனுக்கும் ஒல்லிப் பொண்ணுக்கும் ஒரே அசைவுக் கிளிப்பை மாட்டுறாங்க.

எலும்பன்:
அதே படத்துல மரியன் நரி. அவ ஆடுறது 1937 ஸ்னோ ஒயிட்டோட ஆட்டம். இதுக்கு என்ன சொல்றீங்க?

வரைபலகை:
அதை ஒரு ஓவியர் உட்கார்ந்து நரிக்கு ஏத்தமாதிரி திரும்ப வரைஞ்சார். இங்க ஒரு உடம்போட அசைவை இன்னொரு உடம்புக்கு மாத்துற ரீடார்கெட் பட்டனை அமுக்கினா கை வயித்துக்குள்ள போகுது, கால் தரையில வழுக்குது.

குவெரிசாமி:
நடுவுல வர்றேன். கோளாறு கிளிப்புல இல்ல, தேடுற விதத்துல. கார்னகி மெலன் பல்கலையோட இலவசத் தொகுப்புல 2,500-க்கு மேல அசைவுப் பதிவு இருக்கு. 'நடை'ன்னு தேடினா குவியலா வந்து விழும், எது நமக்கு ஆகும்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும். பேரை வெச்சுத் தேடாம நிலையை வெச்சுத் தேடணும்: பாதம் எங்க இருக்கு, இடுப்பு என்ன வேகத்துல போகுது, அடுத்த ஒரு நொடியில எந்தப் பக்கம் திரும்பணும். மோஷன் மேட்சிங்னு ஒரு தொழில்நுட்பம் இதைத்தான் பண்ணுது. 2017-ல யூபிசாஃப்டோட ஃபார் ஆனர் கேம்லயே வந்தாச்சு.

எலும்பன்:
இதைத்தான் நானும் சொல்றேன்!

வரைபலகை:
நீங்க சொல்லல, அவர் சொன்னார். சரி, ஒண்ணு கேக்குறேன். வேலை போனவனும் தூக்கம் வராதவனும் ஒரே வேகத்துல நடப்பாங்க, பாதமும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல விழும். வித்தியாசம் தோள்லயும் கழுத்துலயும்தான். உங்க தேடல் யாரைக் கொண்டுவரும்?

குவெரிசாமி:
அதுக்கு மனநிலை டேக் வேணும், அதாவது அந்த ஆளோட மனநிலை என்னன்னு ஒரு குறிப்பு. கிளிப்பை உள்ள போடும்போதே எழுதிடணும்.

வரைபலகை:
யார் எழுதுறது? ஷெட்யூல்ல அதுக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கல.

எலும்பன்:
அனிமேட்டர்தான் எழுதணும், வேற யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தைத் தயாரிப்பாளர்கிட்ட கேட்டு வாங்குங்க. சும்மா டேட்டாபேஸே வேணாம்னா எப்படி?