திமிங்கலத்தின் வாயில் பார்த்த தும்பு

வாலிநோக்கத்திலிருந்து:

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கரையில் ஒதுங்கிய பிரைட்ஸ் திமிங்கலத்தைக் கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்தபோது, வனத்துறையினருக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்த சாக்கில் அருகே நின்று பார்த்தேன். (நாற்றத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.) மேல்தாடையில் பல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முழத்தை எட்டாத சாம்பல் நிறத் தகடுகள் சீப்புப் பற்களைப் போல வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றின் வெளி விளிம்பும் வழுவழுப்பாக இருக்க, நாக்கை நோக்கிய உள் விளிம்பு மட்டும் பிசிறு பிசிறாக இருந்தது. அது தகட்டின் ஓரத்தில் முளைத்த முடி என்றே நினைத்தேன்.

மருத்துவர் விளக்கியபோது, என் தாத்தா பனைமட்டையின் அடிப்பாகத்தை அடித்துத் தும்பு எடுப்பது நினைவுக்கு வந்தது. அடிக்க அடிக்கச் சோற்றுப்பகுதி உதிர்ந்து நார் மட்டும் எஞ்சும். பலீன் எனப்படும் அந்தத் தகடும் ஏறக்குறைய அப்படித்தான். நம் நகத்தில் உள்ள அதே கெரட்டினால் ஆன அதன் உள்ளே மெல்லிய குழல்கள் நெடுக ஓடுகின்றன. அவற்றைப் பிணைத்திருக்கும் பகுதி நாக்கும் நீரும் இரையும் உரச உரச முதலில் தேய்வதால், குழல்கள் நாராக வெளிப்பட்டு மீனை வடிகட்டும் சல்லடையாகின்றன. நாரும் நிலைப்பதில்லை, அது ஒடிந்துகொண்டே இருக்க, ஈறு மேலிருந்து வாழ்நாள் முழுவதும் தகட்டை வளர்த்துக்கொண்டே இருக்கிறது.

பாம்பனிலிருந்து:

அண்ணன் சொன்ன தும்பு உவமை மிகப் பொருத்தம். தனுஷ்கோடி மணலில் எனக்கு ஒருமுறை கையகலப் பலீன் துண்டு ஒன்று கிடைத்தது. ஈரமாக இருந்தவரை வளைந்து கொடுத்ததால் பிளாஸ்டிக் என்று எண்ணிவிட்டேன். இன்னதென்று தெரிந்ததும், 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலம் இருப்பதால், வனத்துறையிடம் ஒப்படைத்தேன். அதை வாங்கிக்கொண்டவர் சொன்னதுதான் இன்றும் மனத்தில் நிற்கிறது: ஈறருகே இருப்பது புதியது, நுனி பல மாதங்களோ ஆண்டுகளோ பழையது, ஆகவே தகட்டை நெடுக ஆராய்ந்தால் அந்த விலங்கு எப்போது என்ன தின்றது, எப்போது சினையுற்றது என்பதைக்கூட ஓரளவு அறியலாம். நுனி தேயத் தேயப் பழைய பக்கங்கள் கிழிந்து போவதால், குட்டைத் தகடுள்ள பிரைட்ஸ் திமிங்கலத்தில் அண்மைக் கணக்கு மட்டுமே மிஞ்சும். வடதுருவக் கடலின் வில்தலைத் திமிங்கலத்துக்கோ தகடு 4 மீட்டர் வரை நீள்வதால் அந்தக் கணக்கும் நீளமானது. சாம்பல் திமிங்கலங்களில் பெரும்பாலானவை வலப்பக்கம் சாய்ந்து கடலடிச் சேற்றை உறிஞ்சுவதால், அந்தப் பக்கத் தகடுகள் கூடுதலாகத் தேய்ந்து குட்டையாகிவிடுகின்றனவாம். என் துண்டின் ஓர் ஓரத்தில் மட்டும் நார் இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. அது நாக்குப் பக்கம்.