வரப்பில் விழுந்த தெர்மாகோல் பெட்டி

*நகரி குடும்பம்*

குமார்: தண்ணீர் பாய்ச்ச வந்தேன். கிழக்கு வரப்பில் கிளிமூக்கு மாமரத்தடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி, ஆரஞ்சு பாராசூட், கிழிந்த வெள்ளை ரப்பர். போட்டோ பாருங்கள்

உமா: ஐயோ குண்டா?

வசந்தா: ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டில் இருந்து கழன்றதாம், புத்தூர் குரூப்பில் வந்துவிட்டது

கார்த்திக்: ராக்கெட் துண்டு கடலில் விழும் அத்தை. இது பலூன், நாங்களும் காலேஜில் ஒன்று விட்டோம். கீழே ஆள் உயரம்தான் இருக்கும், மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து 30 கி.மீ.யில் இங்கே இருப்பதில் நூறில் ஒரு பங்குதான், அதனால் பலூன் ஒரு வீடு அளவு உப்பி வெடித்துவிடும், அப்புறம் பெட்டி பாராசூட்டில் இறங்கும். வழியில் 17 கி.மீ. பக்கம் மைனஸ் 80 டிகிரி வரை குளிர், பேட்டரி செத்துவிடக் கூடாது என்றுதான் தெர்மாகோல்

உமா: சுருக்கமாடா

முருகேசன்: எந்த வரப்பு?

குமார்: கிழக்கு

முருகேசன்: அது என் பக்கம். சர்வேயர் கல் நட்டது ஞாபகம் இருக்கட்டும்

குமார்: கல்லைத் தள்ளி நட்டது யார் என்பதும் ஞாபகம் இருக்கிறது அண்ணா

வசந்தா: காலையிலேயேவா. ஞாயிறு திருத்தணி காதுகுத்துக்கு எத்தனை பேர்? வேன்காரர் கேட்கிறார்

உமா: நாங்கள் 4

கார்த்திக்: அப்பா, பெட்டி மேல் என்ன எழுதியிருக்கிறது? திருப்பதி பக்கம் காதங்கி வளிமண்டல ஆய்வுக்கூடம் வானிலைக்கு விடும் பெட்டி கையடக்கமாக இருக்கும், இது பெரிது

குமார்: மாணவர் ஆய்வு, திறக்க வேண்டாம், தெலுங்கில். போன் நம்பரில் கடைசி இரண்டு எண் அழிந்திருக்கிறது. ஓட்டை வழியே ஒரு குழாய், உள்ளே பச்சைப்பயறு

வசந்தா: பயறா!

கார்த்திக்: விதைச் சோதனை. மேலே குளிரும் கதிர்வீச்சும் பட்ட பயறையும் கீழேயே வைத்த பயறையும் ஒன்றாக முளைக்கவைத்து ஒப்பிடுவார்கள். நனையக் கூடாது. மெமரி கார்டும் இருக்கும், பசங்களின் உழைப்பு எல்லாம் அதில்தான்

குமார்: தண்ணீர் வரப்பு வரை வந்துவிட்டதே

கார்த்திக்: மோட்டாரை நிறுத்துங்கள்!!

குமார்: பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும், மரத்துக்கு யார் பாய்ச்சுவது

முருகேசன்: நான் திறந்து கார்டை எடுத்து வைக்கிறேன்

உமா: வேண்டாம்ப்பா. நீங்கள் திறந்த மிக்சி இன்னும் மூட்டையில்தான் கிடக்கிறது

வசந்தா: முதலில் அந்த ரப்பரை எடுங்கள், மாடு மென்றுவிடும். பெட்டி என் வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும், சண்டை வேண்டாம்

கார்த்திக்: போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிடலாம், அவர்கள் நம்பரைக் கண்டுபிடிப்பார்கள்

முருகேசன்: ஸ்டேஷனா? யார் போவது? இரு குமார், நான் வருகிறேன், வரப்பிலேயே நில்

குமார்: எந்தப் பக்கம் நிற்க?

வசந்தா: வேன் 14 சீட்டா 18 சீட்டா?