எல்லா அணுவும் சரி, ஆனாலும் சமன்பாடு தப்பாம். ஏன்?

பிளஸ்டூ பையன்:
மோர் உப்பு (இரும்பும் அமோனியமும் சேர்ந்த சல்பேட் உப்பு) கரைசலில் இரும்பு எவ்வளவு என்று பெர்மாங்கனேட்டால் அளக்கும் டைட்ரேஷனுக்கு அயனிச் சமன்பாடு எழுதினேன்.
பெர்மாங்கனேட் + பெரஸ் + 8 ஹைட்ரஜன் அயனி → மாங்கனஸ் + பெரிக் + 4 நீர்
மாங்கனீஸ் 1, இரும்பு (பெரஸ், பெரிக் இரண்டும் அதன் அயனிதான்) 1, ஆக்சிஜன் 4, ஹைட்ரஜன் 8, இரண்டு பக்கமும் கச்சிதமாக இருக்கிறது. சார் சிவப்பு மையில் சுழித்துவிட்டு பெரஸ் 5 வரவேண்டும் என்கிறார். அந்த 5 எங்கிருந்து வந்தது?

கூம்புக்குடுவை:
அணுவை எண்ணினாய் தம்பி, மின்சுமையை எண்ணவில்லை. இடப்பக்கம் பெர்மாங்கனேட் −1, பெரஸ் +2, ஹைட்ரஜன் +8, ஆக +9. வலப்பக்கம் மாங்கனஸ் +2, பெரிக் +3, ஆக +5. மின்சுமை நடுவழியில் காணாமல் போகாது. மாங்கனீஸின் ஆக்சிஜனேற்ற எண் +7-இலிருந்து +2-க்கு இறங்க 5 எலக்ட்ரான் வேண்டும், ஒரு பெரஸ் பெரிக்காக மாறும்போது கொடுப்பதோ ஒன்றுதான், அதனால்தான் உன் கணக்கில் சரியாக 4 இடிக்கிறது. பெரஸையும் பெரிக்கையும் 5 ஆக்கிப் பார், இரண்டு பக்கமும் +17.

லேப் அண்ணன்:
அந்த 4 சின்ன விஷயமில்லை. ஒரு மோல் எலக்ட்ரானின் மின்சுமை 96,485 கூலும் (மின்சுமையின் அலகு), அப்படியென்றால் உன் சமன்பாட்டில் ஒரு மோல் பெர்மாங்கனேட்டுக்கு ஏறக்குறைய 3.86 லட்சம் கூலும் மாயம். ஒரு மின்னலில் இறங்குவதே பெரும்பாலும் சில பத்து கூலும்தான்! அப்புறம் 1:1 என்று போட்டால் இரும்பின் செறிவும் ஐந்தில் ஒரு பங்காகத்தான் வரும், பிராக்டிகல் மார்க் போச்சு.

பிளஸ்டூ பையன்:
சரி அண்ணா, ஆனால் +17 என்றால் கரைசலைத் தொட்டால் ஷாக் அடிக்காதா? பூஜ்யம்தானே வரவேண்டும்?

கூம்புக்குடுவை:
அயனிச் சமன்பாட்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும், பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் வேடிக்கை பார்க்கும் அயனிகளை நாம் எழுதுவதில்லை. 1 பெர்மாங்கனேட்டுடன் வந்த பொட்டாசியம் +1. 5 பெரஸ் சல்பேட், 4 கந்தக அமிலம், இவற்றிலிருந்து 9 சல்பேட், அதாவது −18. கூட்டினால் −17, கணக்கு நேர். மோர் உப்பின் அமோனியம் தனக்கான சல்பேட்டைக் கூடவே கொண்டுவருகிறது, அதைச் சேர்த்தாலும் மாறாது. கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மட்டும் ஊற்றிவிடாதே. குளோரைடு சும்மா வேடிக்கை பார்க்காது, பெர்மாங்கனேட் அதையும் குளோரினாக்கிவிடும்.