கார்ல் ஹென்றியைப் பற்றி வாலிபர் இதழில் எழுத வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

தகடூர் வாசகன் (தருமபுரி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் எங்கள் சபையின் காலாண்டிதழைத் தொகுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். வாலிபர்களுக்கான அடுத்த இதழில், அமெரிக்க சுவிசேஷக ('எவாஞ்சலிக்கல்', அதாவது வேதாகமத்தின் அதிகாரத்தையும் தனிமனித மனந்திரும்புதலையும் வலியுறுத்தும்) மரபின் எழுத்தாளரும் பத்திரிகை ஆசிரியருமான கார்ல் எஃப். எச். ஹென்றியைப் (1913–2003) பற்றி இரண்டு பக்கக் கட்டுரை வெளியிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். இறையியல் படித்தவர்கள் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வரும் கல்லூரி மாணவர்களுக்கு அவர் யாரென்றே தெரியாது.

இதழ்க் குழுவில் மூத்தவர் ஒருவர், 1976 முதல் 1983 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த 'கடவுள், வெளிப்பாடு, அதிகாரம்' என்ற அவருடைய பெரும் படைப்பை வைத்தே கட்டுரையை அமைக்க வேண்டும் என்கிறார். மூவாயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நூலிலிருந்து தொடங்கினால், வாலிபர் எவரும் இரண்டாவது பத்தியைத் தொடமாட்டார் என்பது என் அச்சம். மாறாக, 1947இல் வந்த அவருடைய சிறு நூலைப் பற்றி எழுதலாம் என்றால், அது சமூகப் பிரச்சினைகளைப் பேசுவதால் 'சபை இதழில் அரசியல் வேண்டாம்' என்கிறார்கள். மேலும், அவர் 1968இல் 'கிறிஸ்டியானிட்டி டுடே' பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகியதை எப்படி எழுதுவது என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாரூர் ஆசிரியர் (கிருஷ்ணகிரி) எழுதியது:

அன்புள்ள சகோதரருக்கு, ஹென்றியை இறையியலாளராக அல்ல, செய்தியாளராகவே முதலில் அறிமுகப்படுத்துங்கள் என்பேன். அவர் செய்தியாளராக இருந்ததால்தான் பிற்காலத்தில் அப்படிப்பட்ட இறையியலாளரானார் என்பது என் துணிபு.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்து லாங் ஐலண்டில் வளர்ந்த அவர், பள்ளிப்படிப்பு முடிந்ததும் கல்லூரிக்குப் போகாமல் உள்ளூர்ப் பத்திரிகையில் சேர்ந்தார். இருபது வயதை ஒட்டியே 'ஸ்மித்டவுன் ஸ்டார்' என்ற வார இதழுக்கு ஆசிரியரானார். நியூயார்க்கின் பெரிய நாளேடுகளுக்கும் அங்கிருந்து செய்தி அனுப்பினார். அந்நாளில் அவருக்கு விசுவாசம் என்று எதுவும் இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் கிறிஸ்துவின் பெயரை வசைச்சொல்லாக அவர் பயன்படுத்தியபோது, உடன் பணியாற்றிய மில்ட்ரெட் கிறிஸ்டி என்ற மூத்த பெண்மணி, தம் உற்ற நண்பரின் பெயரை அப்படி இழிவுபடுத்துவதைவிடத் தம் கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்று சொன்னாராம். ஹென்றி அதை மறக்கவே இல்லை. 1933ஆம் ஆண்டு ஜூன் மாதம், நண்பர் ஒருவருடன் காரில் அமர்ந்தபடியே ஜெபித்துத் தம்மை ஒப்புக்கொடுத்தார். மேடையும் இல்லை, எழுப்புதல் கூட்டமும் இல்லை. நம் வாலிபர்களுக்கு இந்தக் காட்சி பிடிக்கும், எழுதுங்கள்.

அதன்பின் 1935இல் இல்லினாய் மாநிலத்திலுள்ள கிறிஸ்தவக் கல்லூரியான வீட்டன் கல்லூரியில் சேர்ந்தார். படித்துக்கொண்டிருந்தபோதே அங்கு தட்டச்சும் இதழியலும் கற்பித்தார். அங்கு அறிமுகமான ஹெல்கா பெண்டரை 1940இல் மணந்தார். அந்த அம்மையார் ஆப்பிரிக்காவின் கேமரூனில் மிஷனரிகளாக இருந்த ஜெர்மானியப் பெற்றோரின் மகள். பட்டங்களின் பட்டியலை ஒரே வரியில் முடித்துவிடலாம்.

இப்போது 1947ஆம் ஆண்டு நூலுக்கு வருகிறேன். 'நவீன அடிப்படைவாதத்தின் அமைதியற்ற மனசாட்சி' என்பது அதன் பெயர்; நூறு பக்கங்களுக்கும் குறைவானது. (இங்கே 'அடிப்படைவாதம்' என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படைக் கோட்பாடுகளைக் காக்க எழுந்த அமெரிக்கப் புராட்டஸ்டண்ட் இயக்கம்.) தொடக்கத்திலேயே ஒரு நிகழ்ச்சி வருகிறது. நூறு பேருக்கு மேற்பட்ட போதகர்கள் கூடியிருந்த இடத்தில் ஹென்றி ஒரு கேள்வி கேட்கிறார்: ஆக்கிரமிப்புப் போர், இனவெறுப்பு, மதுவணிகம், தொழிலாளர் சுரண்டல் போன்ற தீமைகளைக் கண்டிப்பதையே பெரும்பகுதியாகக் கொண்ட பிரசங்கம் ஒன்றைக் கடந்த ஆறு மாதங்களில் உங்களில் எத்தனை பேர் செய்தீர்கள்? ஒரு கைகூட உயரவில்லை. சபை சமூகத்தை மறந்துவிட்டது என்று பொதுவாகப் புலம்புவது எவருக்கும் எளிது. ஆறு மாதம் என்று கெடு வைத்து, எண்ணிப் பார்க்கக்கூடிய விடையைக் கேட்பது செய்தியாளரின் பழக்கம். அரசியல் வேண்டாம் என்பவர்களிடம் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள். ஹென்றி மீட்பின் செய்தியைக் கைவிடச் சொல்லவில்லை. அந்தச் செய்தியை முழுமையாக நம்புகிறவர்கள் ஊரின் அநீதியைக் கண்டு எப்படி வாய்மூடி இருக்க முடியும் என்றுதான் கேட்டார்.

ஓசூர் பக்க வடிவமைப்பாளர் எழுதியது:

ஆசிரியர் ஐயா எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கட்டுரை 1947 வரை வந்து, பிறகு வெறும் புகழ்ச்சியாக முடிந்துவிடுமோ என்பது என் கவலை. ஹென்றியின் வாழ்க்கையில் நாம் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டியது அவர் ஆசிரியர் நாற்காலியில் இருந்த காலத்திலிருந்துதான். பல சபை இதழ்களுக்குப் பக்கம் கட்டிக் கொடுக்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: யார் பணம் தருகிறார்கள் என்ற கேள்வி ஒவ்வோர் இதழின் தலையங்கத்துக்குப் பின்னாலும் நிற்கிறது.

புகழ்பெற்ற அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரஹாமும் அவருடைய மாமனார் நெல்சன் பெல்லும் திட்டமிட்ட 'கிறிஸ்டியானிட்டி டுடே' 1956 அக்டோபரில் வாஷிங்டனிலிருந்து வெளிவரத் தொடங்கியது. முதல் ஆசிரியர் ஹென்றி. வேதாகமத்தை நவீன சிந்தனைக்கேற்ப விளக்கும் தாராளவாத இறையியலின் குரலாக இருந்த 'கிறிஸ்டியன் செஞ்சுரி'க்கு மாற்றாக, அறிவுத்தரத்தில் அதற்குக் குறையாத, மாதம் இருமுறை வரும் இதழாக அதை நடத்துவது நோக்கம். ஏராளமான போதகர்களுக்கு இலவசமாகவே அனுப்பினார்கள். அந்தச் செலவைத் தாங்கியவர்களில் முதன்மையானவர் சன் ஆயில் நிறுவனத்தின் ஹோவர்ட் பியூ. கட்டுப்பாடற்ற சந்தைப் பொருளாதாரத்தில் உறுதியான பற்றுக் கொண்ட அவர், சபைகள் அரசியல், பொருளாதார விஷயங்களில் அறிக்கை விடுவதை இதழ் கடுமையாகத் தாக்க வேண்டும் என்று விரும்பினார். ஹென்றியும் பொதுவுடைமையை எதிர்த்தவர்தான். ஆனாலும் பியூ எதிர்பார்த்த வேகத்தில் அவர் எழுதவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இனவெறுப்பைப் பற்றி 1947இல் அவ்வளவு கூர்மையாகக் கேட்டவரின் இதழ், கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது தயங்கித் தயங்கியே பேசியது. நிர்வாக ஆசிரியரான பெல், இனங்களைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தி ஒன்றுசேர்ப்பதை எதிர்த்தவர். அதே இதழின் இணை ஆசிரியர் பிராங்க் கேபலைன் என்பவரோ, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக 1965இல் அலபாமாவில் நடந்த செல்மா ஊர்வலத்தில் தாமே நடந்தவர். ஒரே அலுவலகத்தில் இவ்வளவு இடைவெளி இருந்தது. ஹென்றி தம் சொந்த நூலின் அளவுக்கு அங்கே நிற்கவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன்.

1968இல் அவர் தாமாக மகிழ்ச்சியோடு விலகியதாக எழுதிவிடாதீர்கள். நிர்வாகக் குழுவுக்கும் அவருக்கும் இடையே வளர்ந்த மனக்கசப்பில் பதவி கைவிட்டுப் போனது. வீட்டன் காலத்து நண்பரான ஹரால்ட் லிண்ட்செல் அந்த இடத்துக்கு வந்தார். 1986இல் வந்த ஹென்றியின் தன்வரலாற்றில் அந்த வருத்தம் தெரிகிறது.

தகடூர் வாசகன் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சகோதரி சொன்ன இரண்டாம் பகுதியைக் குழு ஏற்குமா என்பதுதான் இப்போது என் கேள்வி. ஒரு தேவ ஊழியரின் குறையை அச்சிடுவதால் வாலிபர்களுக்கு என்ன பக்திவிருத்தி என்று கேட்பார்கள். அதோடு, ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட கேள்வியை நம் மாவட்டத்தோடு பொருத்தி ஒரு பத்தி எழுதலாமா?

பென்னாகரம் போதகர் எழுதியது:

சகோதரரே, தாவீதின் பாவத்தை வேதாகமமே மறைக்கவில்லை என்று குழுவுக்குச் சொல்லுங்கள். அதற்கு மேல் வாதம் தேவைப்படாது.

மாவட்டத்தோடு பொருத்துவதைப் பொறுத்தவரை, தாராளமாக எழுதுங்கள், ஆனால் பொதுப்படையாக எழுதாதீர்கள். பெண்சிசுக் கொலைக்காகத் தருமபுரியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது; 1992இல் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இங்கும் விரிவாக்கப்பட்டது. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. இந்த மலையோரக் கிராமங்களில் பதினெட்டு வயது நிரம்பாத பெண்பிள்ளைகளுக்குத் திருமணம் நிச்சயிக்கப்படுவது இன்றும் காதில் விழுகிறது. இவற்றைப் பற்றி ஆறு மாதத்தில் ஒரு பிரசங்கம் செய்தீர்களா என்று ஹென்றி என்னைக் கேட்டால், சில ஆண்டுகளில் ஆம் என்பேன், பல ஆண்டுகளில் தலைகுனிவேன். சபைக்குள்ளேயே சாதி பார்த்துப் பெண் கொடுக்கும் நாம், அமெரிக்கரின் தயக்கத்தை மட்டும் அச்சிட்டால் அது நேர்மையாகாது. இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுங்கள்.

கட்டுரையை 1968இல் நிறுத்திவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். அதற்கு முன்பே, 1966இல் பெர்லினில் கூடிய உலக சுவிசேஷ மாநாட்டுக்கு ஹென்றி தலைமை வகித்தார். 'ஒரே இனம், ஒரே சுவிசேஷம், ஒரே பணி' என்பது அதன் முழக்கம். 1973இல், இனவெறியையும் பொருளாதார அநீதியையும் குறித்து மனம் வருந்திச் சிகாகோவில் வெளியிடப்பட்ட சுவிசேஷகர்களின் அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய உலக சுவிசேஷ மாநாடு வெளியிட்ட லோசான் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, சமூகப் பொறுப்பைக் கிறிஸ்தவக் கடமை என்றே அறிவித்தது. 1947இல் தனியாகக் கேட்ட கேள்வி, அவர் வாழ்நாளிலேயே உலக சபையின் வாசகமாக ஏறியது. பதவி போன பிறகுதான் அந்த ஆறு தொகுதிகளும் எழுதப்பட்டன என்பதையும் உங்கள் குழுவின் மூத்தவருக்குச் சொல்லுங்கள். அவர் விரும்பும் நூலுக்கும் கட்டுரையில் அப்போது இயல்பான இடம் கிடைத்துவிடும்.

தகடூர் வாசகன் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. ஸ்மித்டவுன் அலுவலகத்தில் தொடங்கி, போதகர்களிடம் கேட்ட கேள்வி, வாஷிங்டன் ஆண்டுகள், சிகாகோ அறிக்கை, இறுதியில் ஆறு தொகுதிகள் என்று வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நம் மாவட்டத்தைப் பற்றிய பத்தியைத் தனிக் கட்டமாகப் பிரிக்காமல் போதகர்களிடம் கேட்ட கேள்விக்கு அடுத்தே வைக்க எண்ணுகிறேன். தனிக் கட்டம் என்றால் 'இடமில்லை' என்று கடைசி நேரத்தில் தூக்கிவிடுவார்கள். ஓசூர் சகோதரி மெய்ப்பு பார்த்துத் தர இசைந்தால், ஞாயிறு ஆராதனைக்குப் பின் குழு கூடுவதற்கு முன்பே பிரதியை அனுப்பிவிடுகிறேன்.

ஓசூர் பக்க வடிவமைப்பாளர் எழுதியது:

அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். பியூவைப் பற்றிய வரிகளைச் சுருக்கினாலும் நீக்கிவிடாதீர்கள்.